அறுபது வரை

எனக்கு அவர் அக்கா. அவருக்கு நான் அண்ணை. யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. பேர்லினில் அறிமுகமில்லாத இரண்டு யாழ்ப்பாணத்தார் பேசத் தொடங்கினால் மரியாதை இப்படித்தான் இரண்டு பக்கமும் ஏறிவிடும். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் லண்டனிலிருந்து தொலைபேசி வரும். "ஏன் அண்ணை என்ரை பேரைப் போட்டனியள், எனக்குப் பயமாக் கிடக்குது" என்பார்.

அவருக்கு எல்லாவற்றுக்கும் பயம். மின்தூக்கிக்குப் பயம், நாய்க்குப் பயம், வரி அலுவலகத்துக் கடித உறைக்குப் பயம். எல்லாவற்றிலும் பெரிய பயம் தண்ணீர். அப்படிப்பட்டவர் எங்கள் கயாக் படகுக் கழகத்தின் உடுப்பு அறைக்குப் பொறுப்பாக இருந்தார் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நானும் முதலில் சிரித்தேன்.

நொய்கெல்ன் பகுதியில் நிலக்கீழ் ரயிலின் படிகளில் ஏறியதும் வலது பக்கம் அவருடைய தையல் கடை. புதிதாக எதுவும் தைக்க மாட்டார். காற்சட்டையின் நீளம் குறைப்பார், ஸிப் மாற்றுவார், கோவில் திருவிழா வந்தால் சாரிச் சட்டைகளைப் பிரித்து அகலமாக்குவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் இரண்டு பெண் பிள்ளைகளும் கடையின் மூலையில் இருந்து வீட்டுப்பாடம் எழுதும். கணவர் உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை, பிள்ளைகள் படுத்த பிறகுதான் வீட்டுக்கு வருவார்.

கடையின் பின்பக்கத்தில் மட்டும் வேறு தொழில். கயாக் ஓட்டுகிறவர்கள் குளிர் தண்ணீருக்கு அணியும் உலர் உடுப்புகளை அவர் திருத்தினார். காலிலிருந்து கழுத்துவரை மூடும் ஒரே உடுப்பு அது. கழுத்திலும் மணிக்கட்டிலும் லேட்டெக்ஸ் ரப்பரில் இறுக்கமான பட்டிகள் இருக்கும். தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பவை அந்தப் பட்டிகள்தான். அவை நாளடைவில் உக்கிக் கிழியும். அதை மாற்றத் தெரிந்தவர்கள் நகரத்தில் குறைவு. யாரோ ஒரு ஜேர்மன்காரர் கேட்க, அக்கா பயந்து பயந்து ஒன்றைச் செய்து கொடுக்க, பிறகு வரிசையாக வரத் தொடங்கிவிட்டார்கள்.

நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். இருந்து இருந்து முதுகு பிடித்துக்கொண்டபோது டொக்டர் கயாக் ஓட்டச் சொன்னார். இணையத்தில் பழைய உலர் உடுப்பு ஒன்றை மலிவாக வாங்கிக்கொண்டு அக்காவின் கடைக்குப் போனேன். அவர் அதன் ஸிப்பைப் பூட்டினார், கழுத்தையும் ஒரு கையையும் கட்டினார், மற்றக் கைக்குள்ளால் காற்றடித்தார். உடுப்பு உப்பி மேசையில் படுத்துக் கிடந்தது. சவர்க்காரத் தண்ணீரைத் தையல்கள் மீது தடவி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து குமிழி தேடினார். தோளில் இரண்டு, இடுப்பில் ஒன்று.

"இது ஆருக்கு அண்ணை?"

"எனக்குத்தான்."

"நீந்துவியளோ?"

"ஓம், நல்லா நீந்துவன்."

"நாலு பாகைத் தண்ணியில நீந்திப் பாத்தனியளோ?"

"அதுக்குத்தானே உடுப்பு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்டது எனக்கு விசித்திரமாக இருந்தது. "உள்ளுக்கு என்ன போடுவியள்?" பனியன் என்றேன். எங்கள் வீட்டில் குளிர் என்றால் அதுதான். பருத்திப் பனியன், அதற்கு மேல் இன்னொரு பனியன், அதற்கு மேல் சுவெற்றர். அக்கா கையை நீட்டி, என் சட்டைக் கழுத்துக்கு வெளியே தெரிந்த பனியனின் விளிம்பிலிருந்து ஒரு நூலை உருவி எடுத்தார். லைற்றரால் கொளுத்தி மூக்கருகில் பிடித்தார். தாள் எரிந்த மணம் வந்தது.

"பருத்தி. கம்பளி எண்டா தலைமயிர் எரிஞ்ச மணம் வரும். பருத்தி நனைஞ்சா குளிரை உடம்போட ஒட்டி வைச்சிருக்கும். இந்த உடுப்பு சும்மா ஒரு பை அண்ணை. சூடு இதில இல்லை, உள்ளுக்குப் போடுறதிலதான் இருக்கு. பருத்தியோட இதைப் போட ஏலாது."

கூலி கொடுத்து உடுப்புத் திருத்த வந்தவனின் பனியனைக் கொளுத்திய பெண்மணியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு கழகத்துக்குப் போனால், படகுத்துறையில் அவர் நிற்கிறார். நகரத்தின் கிழக்கே இருக்கும் பெரிய ஏரியின் கரையில் எங்கள் கழகம். அவர் படகு ஓட்ட வரவில்லை. தான் ஒட்டிய பட்டி ஒழுகுகிறதா என்று பார்க்க வந்திருந்தார். இப்படித்தான் ஒவ்வொருவர் பின்னாலும் வருவாராம். "என்ரை தையல் விட்டு ஒருத்தர் உள்ளுக்குப் போனா நான் கொலைகாரி எல்லோ. போனவை திரும்பி வாற மட்டும் எனக்கு நித்திரை வராது." வந்து வந்து நின்றவரைக் கழகத்தார் பிடித்து உடுப்பு அறையின் திறப்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் அவர் ஒரு நாளாவது கயாக்கில் ஏறி இருந்ததில்லை. கரையோடு கட்டிய படகில்கூட ஏற மாட்டார்.

கழக வாசலில் காற்றின் வெப்பம் காட்டும் கருவி ஒன்று தொங்கியது. முதல் வேலையாக அதன் மீது நாடா ஒட்டி மறைத்தார். தலைவர் அதை உரித்தார். அக்கா மறுபடி ஒட்டினார். மூன்றாம் தடவைக்குப் பிறகு தலைவர் விட்டுவிட்டார். "காத்துக்க விழப் போறியளோ, தண்ணிக்க விழப் போறியளோ?" என்பது அக்காவின் கேள்வி.

ஒவ்வொரு சனிக்கிழமையும் துறையில் குந்தியிருந்து வலது கையை மணிக்கட்டுவரை தண்ணீரில் விட்டு எண்ணுவார். தமிழில், வாய்விட்டு. இடைக்கிடை கையை எடுத்துப் பெருவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்ப்பார். தொட முடியாமல் போகும் எண்தான் அன்றைய எண். அதைச் சோக்கட்டியால் கரும்பலகையில் எழுதுவார். மாசி, பங்குனியில் அது மிகச் சின்ன எண்ணாக இருக்கும். ஜேர்மன்காரர் ஒருவருக்கும் அதன் அர்த்தம் சரியாகத் தெரியாது, ஆனாலும் எல்லோரும் வந்ததும் அதைத்தான் பார்ப்பார்கள். எண் குறைந்த நாளில் நியோப்ரின் என்னும் தடித்த ரப்பர் உடுப்பு கிடையாது, உலர் உடுப்பு மட்டும். எண் கூடினால் நியோப்ரின், அதுவும் உடம்போடு ஒட்ட வேண்டும். அக்குளில் கிள்ளிப் பார்ப்பார். இரண்டு விரலுக்கு நடுவே துணி வந்தால் "இதுக்குள்ள தண்ணி நடந்து திரியும், சின்னதை எடுங்கோ" என்பார். எங்கள் ஆட்கள் யாராவது வந்தால் தலையை மணந்து பார்ப்பார். தேங்காய் எண்ணெய் பட்டால் லேட்டெக்ஸ் உக்கிவிடும். எண்ணெய் வைத்து வந்தவர் அன்றைக்குக் கரையில்தான்.

கழகத்தார் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஃப்ராவ் நைன்'. 'இல்லை' அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் அது தெரியும். அதைக் கேட்டால் கொஞ்சம் சந்தோசப்படுவார் போலிருக்கும்.

ஒருமுறை மியூனிக்கிலிருந்து ஒரு தமிழ்நாட்டுத் தம்பதி வந்தார்கள். கணினி வேலை. சித்திரை மாதத்து நல்ல வெயில், பையன் ஜீன்சும் டீ சேர்ட்டும் போட்டிருந்தான்.

"மேடம், வெயில் இப்படி அடிக்குது. ஜஸ்ட் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறோம். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கறேன், போதாதா?"

"மிதக்கிறதுக்கு அது காணும் தம்பி. உயிரோட மிதக்கிறதுக்குக் காணாது."

பையன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. அவனைத் துறைக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்த ஜீன்சோடு இடுப்புவரை தண்ணீரில் இறங்கச் சொன்னார். கைகளையும் உள்ளே வைத்திருக்கச் சொன்னார். தான் எண்ணினார். பிறகு கரைக்கு ஏற்றி, தன் தோளில் கிடந்த ஒரு சேர்ட்டைக் கொடுத்து, "இந்த ஒரு தெறியைப் பூட்டுங்கோ பாப்பம்" என்றார். பட்டனைத்தான் சொல்கிறார் என்று விளங்கியது, ஆனால் அவனால் ஏலவில்லை. தெறியைப் பார்க்கிறான், விரல் வேறெங்கோ போகிறது. அவனுடைய மனைவி முதலில் சிரித்து, பிறகு நிறுத்தி, பிறகு அழுதுவிட்டாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு தெறியைப் பூட்ட முடியாத கையைப் பார்ப்பதில் அப்படி என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்கு அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அதை வீட்டில் சொல்லவில்லை. நான் எதற்கும் பயப்படாத ஆள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.

கழகத்தில் என்னோடு சோடியாகப் படகு விடும் மார்ட்டின் ஒருநாள் என்னைத் தனியாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினான். இந்த அம்மா அகதியாகக் கடலைக் கடந்து வந்தபோது யாரையோ தண்ணீரில் பறிகொடுத்திருக்கிறார், பிள்ளையாக இருக்கும் என்று கழகத்தில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள், நீ தமிழன்தானே, கேட்டுச் சொல் என்றான். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

அக்கா வாயில் ஊசியை வைத்துக்கொண்டு சிரித்தார். நான் கண்ட வரையில் அவர் நன்றாகச் சிரித்த நாள் அது.

"ஐயோ அண்ணை, ஒருத்தரும் சாகேல்லை. நான் பிளேனில வந்து ஃப்ராங்ஃபுர்ட்டில இறங்கினனான். அண்ணன் ஜக்கெற் கொண்டு வந்து நிண்டவர். கடலைக் கண்டது காரைநகரில, அதுவும் காலை மட்டும் நனைச்சனான்."

"அப்ப ஏன் இவ்வளவு பயம்?"

"பயத்துக்குக் காரணம் வேணுமோ? தண்ணி குளிருது. ஆக்கள் அதுக்குள்ள போகினம். அது காணாதோ?"

மார்ட்டினிடம் இதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. அந்த அம்மா மறைக்கிறார் என்று சொல்லிவிட்டான். எனக்கோ, கதை ஒன்று இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும் என்று பட்டது. காரணமில்லாமல் ஒருவர் இவ்வளவு பயந்தால், அந்தப் பயம் சரியானதாக இருந்துவிடுமோ என்று மனதுக்குள் ஒரு அரிப்பு.

இப்போது என் கையில் இருந்த நூலின் கதைக்கு வருகிறேன்.

அடுத்த வருடம் தைமாதத்தில் எனக்கு நெஞ்சு நொந்து ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தேன். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஹம் நகரத்தில் என் தமையனோடு இருக்கும் அம்மாவுக்கு அது போதவில்லை. ஊன்ட்றொப் அம்மன் கோவிலில் அர்ச்சனை செய்து, மஞ்சள் கிழங்குத் துண்டு ஒன்று முடிந்த நூலை வாங்கிக்கொண்டு ரயில் ஏறி வந்து, என் இடது மணிக்கட்டில் தானே இறுக்கிக் கட்டினார்.

"தானா அறுந்து விழுமட்டும் கைவைக்கப்படாது. டோர்ட்முண்டில ஒருத்தர் ரெண்டு கிழமையில வெட்டி எறிஞ்சவராம். மூண்டாம் கிழமை ஆள் இல்லை" என்றார்.

"சும்மா போங்கோ அம்மா" என்றேன். எனக்கு நூலிலும் நம்பிக்கை கிடையாது, டோர்ட்முண்ட்காரரிலும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் குளிக்கும்போது அந்தக் கையைத் தேய்க்காமல் விட்டேன்.

பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பலகையில் எண் மிகச் சிறியது. தென்மேற்குக் காற்று. கழகத்தார் பலர் ஏற்கெனவே ஆற்றுப் பக்கமாகப் போய்விட்டார்கள். நானும் மார்ட்டினும்தான் ஏரிக்குள் போக நின்றோம். உடுப்பு மாற்றும்போது அக்கா என் கையைப் பார்த்துவிட்டார். அவர் கழுத்தில் எப்போதும் நாடாவில் கோத்த சின்னக் கத்தரிக்கோல் ஒன்று தொங்கும். அதை எடுத்தார்.

"பட்டிக்குக் கீழ நூல் இருந்தா அந்த வழியால தண்ணி வரும். மஞ்சள் துண்டு லேட்டெக்ஸைக் கிழிக்கும். வெட்டட்டோ?"

"வேண்டாம் வேண்டாம், நானே வெட்டுறன்."

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். கத்தரிக்கோலின் வாய்க்குள் நூலை வைத்தேன். வெளியே எடுத்தேன். மறுபடி வைத்தேன். நாற்பத்துமூன்று வயது, இரட்டைத்தட்டுப் பேருந்தை வழுக்குப் பனியில் ஓட்டுகிறவன், ஒரு நூலை வெட்டப் பயந்து நின்றேன். டோர்ட்முண்ட்காரர் கண்ணுக்குள் வந்து நின்றார். அவர் முகத்தைக்கூட நான் கண்டதில்லை. கடைசியில் நூலை ஏலுமானவரை மேலே தள்ளிவிட்டு, பட்டிக்குள் கையை நுழைத்தேன். மஞ்சள் துண்டில் ரப்பர் சிக்கியது. இழுத்தேன். உள்ளே போனது. கையுறையையும் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அக்கா கழுத்துப் பட்டிக்குள் விரல் ஓட்டிப் பார்த்தார். வலது மணிக்கட்டைப் பார்த்தார்.

"இடது?"

"பாத்திட்டன்" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் நான் செய்த தப்பு. அவர் கையுறையைக் கழற்றச் சொல்லியிருந்தால் கழற்றியிருப்பேன். சொல்லவில்லை. என்னை நம்பினார்.

துறையிலிருந்து இருநூறு மீற்றர் போயிருக்கமாட்டோம். பக்கவாட்டில் ஒரு அலை, நான் தவறான பக்கம் சாய்ந்தேன், அவ்வளவுதான். தலைகீழாக இருந்தேன். கவிழ்ந்தால் என்ன செய்வதென்று கோடையில் பலதடவை பழகியிருக்கிறேன். படகின் வாயை இடுப்போடு மூடியிருக்கும் முன்விரிப்பை இழுத்து வெளியே வர வேண்டும். வந்தேன். ஆனால் மூச்சு என்னுடையதாக இல்லை. நெஞ்சு தானாக இழுக்கிறது, இழுக்கிறது, விட மறுக்கிறது. அலை முகத்தில் அடிக்கும் நேரம் பார்த்து வாய் திறக்கிறது. எங்கோ ஒரு மிருகம் கத்துவது கேட்டது. அது நான்தான் என்று பிறகு மார்ட்டின் சொன்னான்.

அப்போது இடது கைக்குள் குளிர் ஓடியது. முதலில் ஊசி நூல் அளவு. படகைப் பிடிக்கக் கையை நீட்டியபோது மணிக்கட்டில் ஏதோ பிரிந்தது, பிறகு செம்பால் ஊற்றியதுபோல வந்தது. முழங்கை, அக்குள், நெஞ்சு, வயிறு. தண்ணீர் என்னைத் தேடி உள்ளே வருவதை உணர்ந்தேன். கத்த மூச்சில்லை.

மார்ட்டின் தன் படகின் முனையை எனக்குப் பக்கத்தில் கொண்டு வந்தான். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவன் கரையை நோக்கி வலித்தான். "விடாதே, விடாதே" என்று கத்திக்கொண்டே வலித்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கரை பெரிதாகிக்கொண்டு வந்தது. துறையில் அக்கா நிற்பது தெரிந்தது. பிறகு நான் என் கைகளைப் பார்த்தேன், அவை படகைப் பிடித்திருக்கவில்லை. எப்போது விட்டன என்று எனக்குத் தெரியாது. காற்று மார்ட்டினை அப்பால் தள்ளிவிட்டது. அவன் படகைத் திருப்பப் போராடிக்கொண்டிருந்தான்.

அக்கா மீட்புக் கயிற்றை எறிந்தார். நல்ல எறி. கயிறு என் நெஞ்சின் மீது வந்து விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். விரல்களை மூடு என்று சொன்னேன். மூடவில்லை. மியூனிக் பையனின் தெறி நினைவுக்கு வந்தது. சாகப் போகிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. நூலை வெட்டவில்லையே, பிறகு ஏன் என்று ஒரு முட்டாள் கேள்வியும் கூடவே வந்தது.

அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவது தெரிந்தது. அதை மடித்துத் தன் சப்பாத்துக்குள் வைத்தார். படகு இறக்கும் மணலால் நடந்து தண்ணீருக்குள் வந்தார். பருத்திக் காற்சட்டை, பருத்திச் சேர்ட், கொளுத்திப் பார்க்கத் தேவையில்லாத பருத்தி. இடுப்பு, நெஞ்சு, கழுத்து. அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வந்தபோது கேட்டது. "பதினேழு, பதினெட்டு…" மிதவை அங்கியின் தோள்பட்டியில் கையைக் கோத்து என்னைப் பின்பக்கமாக இழுத்தார். என் காதுக்குள் அவர் குரல் உடைந்து உடைந்து விழுந்தது. முப்பத்தொண்டு. முப்பத்திரண்டு. நான் மயங்கிவிடாமல் இருக்க எண்ணுகிறார் என்று நினைத்தேன். அந்தக் குரலை விட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொரு எண்ணாகப் பிடித்துக்கொண்டேன். பிடிப்பதற்கு எனக்கு வேறொன்றும் இருக்கவில்லை. ஐம்பத்திரண்டில் என் குதிக்கால் மணலில் தட்டியது.

உடுப்பு அறையில் இரண்டு கம்பளிகளுக்குள் எதிரெதிரே இருந்தோம். மார்ட்டின் அவசர ஊர்தியை அழைத்துவிட்டு வாசலில் நின்றான். அக்காவின் உதடு நீலமாகியிருந்தது. நடுங்கும் கையால் என் கையுறையைக் கழற்றினார். பட்டி மணிக்கட்டிலிருந்து விரலளவு கிழிந்து தொங்கியது. அதற்குக் கீழே நூல், மஞ்சள் துண்டு.

அவர் நூலை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"ஆர் கட்டினது?"

"அம்மா."

"ஏன் வெட்டேல்லை?"

"பயமா இருந்தது அக்கா."

வாழ்க்கையில் முதல்முறையாக அதை ஒரு ஆளிடம் சொன்னேன். பல் அடித்துக்கொண்டதில் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. அவர் ஏசுவார் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. அழுதார்.

"அதை என்னட்டைச் சொல்லியிருக்கலாமே அண்ணை. பயம் எண்டா எனக்கு விளங்காதோ? அம்மாவுக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டிட்டு, நூலில இன்னொரு நூலை முடிஞ்சு நீட்டி, புயத்தில கட்டி விட்டிருப்பன். வெட்டவே தேவையில்லை. நான் தையல்காரி எல்லோ."

கழகத்தார் பூங்கொத்தும் கேக்கும் அக்காவின் கடைக்குக் கொண்டு போனார்கள். பயத்தை வென்ற பெண்மணி என்று தலைவர் ஒரு பேச்சும் பேசினார். அக்கா என் பக்கம் திரும்பி, "வெண்டதெண்டு ஆர் சொன்னது, இப்ப இன்னும் கூடிப்போச்சு" என்றார். மொழிபெயர்க்க வேண்டாம் என்றும் சொன்னார். தண்ணீரில் இறங்கும்போது ஏன் கண்ணாடியைப் பத்திரப்படுத்தினீர்கள் என்று மார்ட்டின் கேட்டான். புதுக் கண்ணாடிக்குக் கண் டொக்டரிடம் டெர்மின், அதுதான் சந்திக்கும் நேரம், கிடைக்க மூன்று மாதம் ஆகும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்று கிழமை கழித்துப் பட்டி மாற்றுவதற்காக உடுப்பைக் கடைக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் மூலையில் எழுதிக்கொண்டிருந்தன. அக்கா ஜேர்மன் பெண் ஒருத்தியின் காற்சட்டை விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். அவள் போனதும் மெசினை நிறுத்தினார்.

"அண்ணை, உங்களிட்டை ஒண்டு சொல்லோணும். சொல்லாட்டி எனக்கு நித்திரை வராது. கோவிக்கப்படாது."

"சொல்லுங்கோ."

"நான் எண்ணினது உங்களுக்கில்லை. எனக்கு." பிள்ளைகளை ஒருமுறை பார்த்துக் குரலைக் குறைத்தார். "அண்டைக்கு என்ரை உடம்பில ஒண்டும் இல்லை. பருத்தி. அந்தத் தண்ணியில அந்த உடுப்போட நான் அறுபது வரைதான். அதுக்குப் பிறகு என்ரை காலும் என்னைக் கேக்காது. கரையில நிண்டு கணக்குப் பாத்திட்டுத்தான் இறங்கினனான். அறுபதுக்குள்ள கொண்டு வந்தா கொண்டு வாறது. இல்லாட்டி…"

"இல்லாட்டி?"

"அறுபதில விட்டிட்டு வந்திருப்பன் அண்ணை. எனக்கு ரெண்டு பிள்ளையள்."

கடைக்கு வெளியே பேருந்து ஒன்று நின்று புறப்பட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

"சரிதானே அக்கா. நீங்கள் செய்தது சரி."

"சரியில்லை" என்றார். "ஆனா விட்டிருப்பன்."

பிறகு என் உடுப்பை மேசையில் விரித்து, கிழிந்த பட்டியை வெட்டி எடுத்து, புதியதைப் பசை பூசி ஒட்டினார். காய்ந்ததும் காற்றடித்து, சவர்க்காரத் தண்ணீர் தடவி, இரண்டு தடவை பார்த்தார். குமிழி வரவில்லை. மூன்றாம் தடவையும் பார்த்தார்.

இரண்டு வருடம் கழித்து அவர் குடும்பத்தோடு லண்டனுக்குப் போய்விட்டார். கழக வாசலில் ஒட்டிய நாடா இன்னும் உரிக்கப்படாமல் இருக்கிறது. என் நூல், நான் ஏரியில் விழுந்த அந்த வருட ஆடி மாதமே, பேருந்து ஓட்டும்போது, தானாக அறுந்து மடியில் விழுந்தது. அம்மாவுக்குச் சொன்னேன், சந்தோசப்பட்டார். ஏரியில் நடந்ததை அம்மாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

நான் இப்போதும் படகு விடுகிறேன். போகுமுன் துறையில் குந்தியிருந்து கையைத் தண்ணீரில் விடுகிறேன். ஆனால் ஒன்றிலிருந்து எண்ணுவதில்லை. ஐம்பத்துமூன்று, ஐம்பத்துநான்கு என்று தொடங்குவேன். அக்கா எண்ணத் தேவையில்லாமல் போன எட்டு எண்கள். பேருந்தைச் சிவப்பு விளக்கில் நிறுத்தும்போதும் சிலவேளை அவை வாயில் வந்துவிடும். ஐம்பத்தெட்டுவரை குரல் வரும். ஐம்பத்தொன்பதை முணுமுணுத்து நிறுத்திவிடுவேன். அதற்கு அடுத்த எண்ணை நான் இதுவரை சொன்னதில்லை.